முதல் முறை சௌனா: பாலக்காட்டு வெயில் பக்கத்து ஆட்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், சித்தூர் என்று எல்லையை ஒட்டி இருக்கிற நம்மவர்கள் பலர் இப்போது பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ கோவையிலோ ஜிம்மில் சேர்கிறார்கள். சில இடங்களில் சந்தாவோடு சௌனாவும், அதாவது சூட்டில் உட்கார்ந்து வேர்க்கிற மர அறையும், உண்டு. என்ன உடுத்துவது, எவ்வளவு நேரம் இருப்பது என்று தெரியாமல் மரக்கதவு வரை போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்து, வெளியே வந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீச்சல்குளத்தோடு சேர்ந்த ஒரு சௌனா அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

சௌனாவுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர் முறையை அப்படியே எடுத்து இங்கே வைத்துக்கொள்ள முடியாது. அங்கே கதவைத் திறந்து வெளியே வந்தால் குளிர் காற்று, பக்கத்தில் ஏரி, குளிர்காலத்தில் பனி. ஏறின சூடு தானாக இறங்கிவிடும். இங்கே சித்திரை மாதச் சாயங்காலம் வெளியே வந்தால் காற்றே 35 டிகிரியில் நிற்கும். உடம்பு எங்கே போய் ஆறும்? அதனால் நமக்குச் சௌனாவில் உள்ளே உட்காருகிற நேரத்தைவிட வெளியே ஆறுகிற நேரம்தான் முக்கியம். ஆற வசதியில்லாத இடத்தில் உள்ளே நுழையவே வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும்.

எந்த அறை என்று பாருங்கள்

பலகையில் ‘ஸ்டீம்’ என்றும் ‘சௌனா’ என்றும் அடுத்தடுத்து இரண்டு கதவுகள் இருக்கும். இரண்டும் ஒன்றில்லை. சௌனா வறண்ட சூடு. மரச்சுவர், மரப்பலகை, மூலையில் கல் அடுக்கிய ஹீட்டர். வெப்பநிலை 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை போகும், ஈரப்பதம் மிகக் குறைவு. ஸ்டீம் அறை ஓடு பதித்தது, 40 முதல் 50 டிகிரிக்குள்தான் இருக்கும், ஆனால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி. இன்ஃப்ராரெட் சௌனா என்று மூன்றாவது ஒன்றும் வந்திருக்கிறது. அதில் காற்று அவ்வளவாகச் சுடாது, 45 முதல் 60 டிகிரிதான், சூடு நேரே உடம்பில் இறங்கும்.

90 டிகிரியில் மனுஷன் எப்படி உட்காருவான் என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வறண்ட காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வேர்வை உடனுக்குடன் ஆவியாகித் தோலைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். அதே 90 டிகிரியில் தண்ணீர் இருந்தால் விரல் வைத்த நொடியில் வெந்துபோகும். ஆவி நிறைந்த அறையில் வேர்வை காய்வதில்லை, போதாததற்கு ஆவியே தோலில் படிந்து சூட்டைக் கொடுக்கிறது. அதனால்தான் ஸ்டீம் அறையில் 45 டிகிரியே தாங்க முடியாமல் போகிறது. எண் குறைவாக இருக்கிறதே என்று ஸ்டீமில் கூடுதல் நேரம் உட்காராதீர்கள்.

நம் பக்கத்தில் ஆயுர்வேத வைத்தியசாலையில் பெட்டிக்குள் உட்கார வைத்து வேது பிடிப்பது பலருக்குப் பழக்கம். அதில் தலை பெட்டிக்கு வெளியே இருக்கும், வைத்தியரோ உதவியாளரோ பக்கத்திலேயே நிற்பார். சௌனாவில் தலையும் சேர்ந்து சுடும், பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். ‘நான் எத்தனையோ தடவை ஸ்டீம் பாத் எடுத்திருக்கேன்’ என்ற தைரியம் இங்கே உதவாது.

யார் போகக் கூடாது

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அடங்காமல் வந்துபோகிறவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியிருப்பவர்கள் போகவே கூடாது. சூட்டில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல் ஏறும், சிலருக்கு 150 வரைகூடப் போகும். வேகமாக நடக்கிறபோது இதயத்துக்கு இருக்கிற அதே வேலை. அந்த வேலையை உங்கள் இதயம் தாங்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள், தவிர்க்க வேண்டும். உடம்பின் உள்சூடு ஏறுவது குழந்தையைப் பாதிக்கலாம். குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருக்கிற ஆண்களும் கொஞ்ச காலம் ஒதுங்கியிருப்பது நல்லது. தொடர்ந்து சூடு பட்டால் விந்தணு எண்ணிக்கை குறைகிறது, நிறுத்தினால் சில மாதங்களில் மீள்கிறது.

மாத்திரை விஷயத்தை நிறையப் பேர் மறைத்துவிடுகிறார்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை. ரத்த அழுத்த மாத்திரை, அதிலும் சிறுநீர் போகச் செய்யும் மாத்திரை, எழுந்து நிற்கும்போது வரும் தலைசுற்றலை அதிகமாக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் போடுகிற சில மாத்திரைகள் வேர்வையைக் குறைக்கும் அல்லது தூக்கம் வரவைக்கும். மனநல மருந்தான லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் குறைவதே ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சூட்டில் அது சீக்கிரம் உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தோலில் ஒட்டுகிற மருந்துப் பட்டையும் அப்படித்தான், வழக்கத்தைவிட வேகமாக மருந்தை உள்ளே விடும். இதில் எது இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

காய்ச்சல் இருந்தால், வேர்த்தால் இறங்கிவிடும் என்று நினைத்து வரக் கூடாது. வயிற்றுப்போக்கு இருந்த அன்றும், மறுநாளும் வேண்டாம்.

அன்றைய பகல் எப்படிப் போனது?

இந்தக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்பேன். தென்னந்தோப்பில் நாள் முழுக்கத் தேங்காய் பொறுக்கியவர், வெயிலில் டூ வீலரில் ஊர் ஊராகச் சுற்றியவர், கல்யாண வீட்டுச் சமையலில் அடுப்படியில் நின்றவர் என்று யாராக இருந்தாலும், அன்று சூட்டுக் கணக்கில் பாதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவருக்குச் சௌனா அன்று வேண்டாம். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விட்டார்களே, அந்த மாதிரி நாட்களில் யாருக்குமே வேண்டாம். மலைத்தொடரில் இருக்கும் கணவாய் நமக்குக் காற்றைத் தருகிறது. ஆனால் மாசியிலிருந்து சித்திரை வரை அந்தக் காற்றே அனலாகத்தான் வருகிறது. புதிதாகத் தொடங்க நல்ல காலம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, இல்லையென்றால் மார்கழி தையில் கிழக்கிலிருந்து காற்று வீசும்போது.

வயிறு நிறைந்திருக்கவும் கூடாது, காய்ந்திருக்கவும் கூடாது. கேரளத்து இலை விருந்தான சத்யா மாதிரி பெரிய சாப்பாடு முடித்திருந்தால் இரண்டு மணி நேரமாவது போகட்டும். ஏகாதசி விரதம், ரம்ஜான் நோன்பு என்று தண்ணீரே குடிக்காத நாட்களில் தள்ளிப் போடுங்கள். போவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் இன்னும் குடிக்க வேண்டும் என்று அர்த்தம்.

கள்ளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் கள் இறக்கத் தடை. சித்தூர் தாலுகாவில் ஷாப்பு ஷாப்பாக உண்டு. எல்லை தாண்டி வருகிறவர்கள் ஒரு குப்பி குடித்துவிட்டு வருவதும் உண்டு. ‘கள்ளு குளிர்ச்சிதானுங்க, சூட்டுக்கு நல்லதுதானே’ என்று வாதாடுவார்கள். கள்ளிலும் இருப்பது மதுதான். மது ரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பிலிருந்து நீரைப் போக்கும், எல்லாவற்றுக்கும் மேல் ‘போதும், எழுந்திரு’ என்று உடம்பு சொல்வதைக் காதில் விழாமல் செய்துவிடும். சௌனாவிலேயே பிறந்து வளர்கிற பின்லாந்துக்காரர்களிடையே நடக்கிற சௌனா மரணங்களிலும் மது பெரும்பங்கு வகிக்கிறது. குடித்திருந்தால் அன்றைக்கு இல்லை. முடிந்தபிறகு குடிப்பதும் வேண்டாம், ஏனென்றால் உடம்பு அப்போதே நீர் இழந்திருக்கும்.

உள்ளே போகும் முன்

வாட்ச், மோதிரம், அரைஞாண், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உலோகம் சூடேறித் தோலைச் சுடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் அதன் மேல் பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் கழற்றுவதுதான் பாதுகாப்பு. கான்டாக்ட் லென்ஸ் கண்ணில் காய்ந்து ஒட்டும், அதையும் எடுத்துவிடுங்கள். போன் உள்ளே வரவே கூடாது, அந்தச் சூட்டில் பேட்டரி கெடும்.

உடுத்த நம் ஈரிழைத் துண்டைவிட நல்லது எதுவும் இல்லை. ஒன்று இடுப்பில், ஒன்று பலகையில் விரிக்க. பலகையில் வெறும் தோலோடு உட்காரக் கூடாது, சுடும். அடுத்தவர் வேர்வை நமக்கும் நம் வேர்வை அடுத்தவருக்கும் வேண்டாம். ஜிம்மில் போட்டிருந்த பாலியஸ்டர் பனியன் வேர்வையைக் காயவிடாமல் பிடித்துக்கொள்ளும், அதை மாற்றிவிடுங்கள்.

‘ஏனுங் தம்பி, மேலுக்கு நல்லெண்ணெய் தேச்சுட்டு வரலாமுங்களா?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவருக்கு இது தோன்றத்தான் செய்யும். வேண்டாம் என்று சொன்னேன், காரணமும் சொன்னேன். எண்ணெய் படலம் வேர்வை காய்வதைத் தடுக்கும், சூட்டில் கண்ணுக்குள் வழியும், பலகையில் ஊறி அடுத்தவர் வழுக்கி விழ வழி செய்யும். எண்ணெயை வேது பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே சோப்பு போட்டுக் குளித்து, நன்றாகத் துவட்டி, உலர்ந்த உடம்போடு வாருங்கள். உலர்ந்த தோலில் வேர்வை சீக்கிரம் பிடிக்கும்.

உடற்பயிற்சி முடித்த கையோடு ஓடி வராதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சும் துடிப்பும் அடங்கட்டும், தண்ணீர் குடியுங்கள், பிறகு வாருங்கள்.

முதல் சுற்று

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, தள்ளினால் போதுமா, உள்ளே தாழ்ப்பாள் எதுவும் இல்லையே என்று நுழைவதற்கு முன் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். சூட்டில் மயக்கம் வரும்போது தாழ்ப்பாளோடு மல்லுக்கட்ட முடியாது. தாழ்ப்பாள் போட்ட சௌனா என்றால் அங்கே காசு கொடுக்காதீர்கள். முதல் முறை தனியாகவும் போகாதீர்கள்; துணைக்கு ஆள் இல்லையென்றால், ‘பத்து நிமிஷத்துல நான் வரலேன்னா எட்டிப் பாருங்கண்ணா’ என்று வேலையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். யாரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.

உள்ளே இரண்டு மூன்று படியாகப் பலகை இருக்கும். சூடு மேலேதான் தங்கும். மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். முதல் முறை கீழ்ப் பலகைதான். சுவரில் மாட்டிய வெப்பமானி எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். கூரைக்குப் பக்கத்தில் இருந்தால் அது 90 காட்டும்போது கீழே நீங்கள் இருக்கும் இடம் அவ்வளவு சுடாது. பலகையில் ஆணித்தலை துருத்திக்கொண்டிருந்தால் அதில் தொடை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூட்டுக்கோல் போட்ட மாதிரி தடம் விழும். நல்ல அறையில் ஆணியை மரத்துக்குள் இறக்கியோ கீழிருந்து முடுக்கியோ வைத்திருப்பார்கள்.

சுவரில் மணல் கடிகாரம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு. அதைத் திருப்பிவிட்டுப் பாதி மணல் இறங்குவதற்குள் எழுந்து வந்துவிடுங்கள். அதாவது 5 முதல் 8 நிமிடம். பழகியவர்களுக்கே 15 நிமிடம் போதும். பக்கத்தில் இருப்பவர் இன்னும் அசையாமல் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் இருக்க வேண்டியதில்லை. பின்லாந்தில் ஹெய்னோலா என்ற ஊரில் யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்று ஆண்டுதோறும் உலகப் போட்டி நடத்திவந்தார்கள். 2010இல் 110 டிகிரி அறையில் இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்துபோனார். ஏறக்குறைய 6 நிமிடத்தில் நடந்தது அது. அதோடு போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

மூக்கில் சூடு குத்தினால் ஈரத்துணியை மூக்கருகே பிடித்து மெதுவாக மூச்சு விடுங்கள். தலையில் துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவியை ‘லோய்லு’ என்பார்கள் பின்லாந்தில். ஊற்றியதும் ஓர் அலையாக ஆவி முகத்தில் வந்து மோதும், அந்த நொடி சூடு இரட்டிப்பான மாதிரி இருக்கும். எல்லா ஹீட்டரிலும் ஊற்றக் கூடாது, கேட்டுக்கொண்டு ஊற்றுங்கள். ஊற்றினாலும் ஒரு சின்னக் கரண்டி, வெறும் தண்ணீர், மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. நீலகிரித் தைலத்தை அப்படியே கல்லில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அது தீப்பிடிக்கிற சரக்கு. ஈரத்துண்டை ஹீட்டருக்கு மேலே காயப் போடுவதும் அதே ரகம்தான், சௌனா அறைகள் தீப்பற்ற அது ஒரு முக்கியக் காரணம்.

படுத்திருந்தால் கடைசி இரண்டு நிமிடம் எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். சூட்டில் ரத்தக் குழாய் விரிந்து ரத்தம் கால்பக்கம் தேங்கியிருக்கும். சட்டென்று எழுந்தால் மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து கண் இருட்டும். நான் பார்த்த மயக்கங்கள் பெரும்பாலும் உள்ளே வந்ததில்லை, எழுந்து கதவைத் தாண்டிய மூன்றாவது நான்காவது எட்டில் வந்தவை. சுவரையோ கைப்பிடியையோ பிடித்து மெதுவாக எழுங்கள்.

வெளியே ஆறுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். வெளியே வந்ததும் நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்து வாளித் தண்ணீரை மக்கில் எடுத்து முதலில் பாதம், பிறகு முழங்கால், கை, தோள் என்று ஊற்றிக்கொள்ளுங்கள். தலைக்குக் கடைசியில். தொட்டித் தண்ணீரே போதும், ஐஸ் வேண்டாம். இப்போது ஐஸ் தொட்டியில் குதிக்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. சூட்டிலிருந்து நேரே பனித் தண்ணீரில் இறங்கினால் ரத்த அழுத்தம் எகிறும், மூச்சு ஒரு கணம் பிடித்துக்கொள்ளும். முதல் தடவைக்காரருக்கு அது தேவையே இல்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேரே வரும் மத்தியானத் தண்ணீரும் உதவாது, கொதித்துப் போயிருக்கும். சாயங்காலத்துக்கு வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் நல்லது.

ஆறிவிட்டதா என்று நாடி சொல்லும். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 நொடி எண்ணுங்கள், அதை நாலால் பெருக்குங்கள். உள்ளே போகும் முன் ஒருமுறை எண்ணி வைத்திருந்தால் இப்போது ஒப்பிடலாம். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை எழவேண்டாம். பாலக்காட்டு வெக்கையில் இதற்கு 15, 20 நிமிடம்கூட ஆகும். தண்ணீர் ஊற்றித் துவட்டிய பிறகும் நெற்றியில் வேர்வை துளிர்த்துக்கொண்டே இருந்தால், உள்சூடு இன்னும் இறங்கவில்லை.

குடிக்க என்ன? ஒரு தடவையில் அரை லிட்டர் வேர்வை போவது சாதாரணம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போகிறது. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை நசுக்கி உப்புப் போட்ட மோர், அதாவது சம்பாரம்தான் என் முதல் சிபாரிசு. உப்புக் கஞ்சித் தண்ணீரும் நன்று, பொள்ளாச்சி இளநீர் கேட்கவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் உப்பையும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடகடவென்று ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள்.

முதல் நாள் ஒரு சுற்றோடு முடிப்பது நல்லது. தெம்பாக இருந்தால் முழுக்க ஆறிய பிறகு இரண்டாவது சுற்று, அதுவும் முதல் சுற்றைவிடக் கூடுதலாகப் போகாமல். முடிந்ததும் அரை மணி நேரமாவது கழித்து வண்டியை எடுங்கள். பொள்ளாச்சி சாலையில் லாரிக்குப் பின்னால் தலை கிறுகிறுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பலன் பற்றிக் கேட்கிறவர்களுக்கு

எடை குறையுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். வெளியே வந்து எடை பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருக்கும், இரண்டு டம்ளர் சம்பாரம் குடித்ததும் திரும்பிவிடும். போனது நீர், கொழுப்பில்லை. உடம்பு நச்சு வேர்வையில் வெளியேறும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் பார்க்கின்றன. உண்மையாகக் கிடைப்பது தசை இறுக்கம் தளர்வதும், அன்றிரவு நல்ல தூக்கமும், மனசு லேசாவதும். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது. கிழக்கு பின்லாந்தில் குவோப்பியோ வட்டாரத்தில் 2,300 சொச்சம் நடுவயது ஆண்களை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. வாரம் 4 முதல் 7 முறை சௌனா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் சௌனாதான் அதற்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஏறக்குறைய 55 லட்சம் மக்களுக்குச் சுமார் 30 லட்சம் சௌனா இருக்கிற நாடு அது. குழந்தையிலிருந்து பழகிய, குளிர் தேசத்து உடம்பு. அந்தக் கணக்கை நம்பி இங்கே மேடத்தில், அதாவது சித்திரையில், தினம் போகக் கூடாது. வாரம் ஒன்றிரண்டு முறை தாராளம்.

ஆபத்து என்று தெரிந்தால்

தலைசுற்றல், குமட்டல், தலைவலி, நெஞ்சில் படபடப்பு, கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, சூட்டிலும் உடம்பு சிலிர்ப்பது, இதில் ஒன்று வந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். வேறொருவருக்கு வந்தால் வெளியே கொண்டுவந்து படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், ஈரத்துணியால் உடம்பு முழுக்க ஒற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் வாய் வாயாகத் தண்ணீர்.

பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அதை வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நினைவு தப்பி மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108ஐ அழையுங்கள், நாம் இருப்பது எல்லைப்புறம் என்பதால் எந்த மாநிலம், எந்த ஊர், எந்தச் சாலை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் வாளி வாளியாக உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒருவர் ஊற்ற இன்னொருவர் விசிறட்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.